வாய் மூடாத கணப்பு

ஒன்பதாம் அத்தியாயம்

யம்னாவின் வீட்டுக் கணப்பைப் பார்த்ததும் எனக்கு முதலில் பொறாமைதான் வந்தது.

எங்கள் மலையில் குளிர்காலத்தில் ஒரு வீட்டின் நிலவரம் தெரிய வேண்டுமானால் சமையலறையை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. கணப்பைப் பார்த்தால் போதும். இரும்புக் கதவை இறுக்கிச் சாத்தி, கீழே காற்றுத் துவாரத்தை விரல் அகலம் மட்டும் திறந்து வைத்திருந்தால், விறகின் அருமை தெரிந்த வீடு. கதவைத் திறந்துபோட்டு எரித்தால் ஒன்று புதுப் பணக்காரன், இல்லாவிட்டால் பனி பார்க்க வந்த டூரிஸ்ட். திறந்த கணப்பு, விருந்துக்கு வந்த என் மைத்துனன் மாதிரி. போடப் போடத் தின்னும். வீட்டுக்கு ஒரு பிரயோஜனமும் இருக்காது. சூடு முழுவதும் குழாய் வழியாகக் காக்கைகளுக்குப் போய்ச் சேரும்.

யம்னா புதுப் பணக்காரியும் இல்லை, டூரிஸ்டும் இல்லை. மண் தரை போட்ட ஒற்றை அறை. மூலையில் ஒரு கம்பளிக்குள் இருமிக்கொண்டிருந்த கைக்குழந்தை. அறையின் நடுவே கணப்பு வாயைப் பிளந்துகொண்டு நிற்க, அந்த வாயிலிருந்து ஆள் நீளத்துக்கு ஒரு முழு ஓக் கட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு முனை நெருப்பில். மறுமுனை, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல். பாதிப் புகை குழாய்க்குள்ளும் பாதிப் புகை எங்கள் கண்ணுக்குள்ளும் போனது. இத்தனைக்கும் அறை என்னவோ ஐஸ் பெட்டிதான்.

நாங்கள் கெட்ட செய்தியோடு வந்திருந்தோம். நாங்கள் என்றால், துப்பறியும் பெண்மணி லல்லா இத்தோவும் அவருடைய உதவியாளனாகிய நானும். உதவியாளன் என்பது நானாகச் சூட்டிக்கொண்ட பட்டம். அஸ்ரூ நகரத்து டாக்ஸி ஸ்டாண்டில் விசாரித்தால் 'இத்தோவின் டிரைவர் மிமூன்' என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். லல்லா பாதி ஆயுளை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கழித்தவர். வட்டாரத்துப் பொய்கள் அத்தனையும் அவர் காது வழியாகத்தான் ஊர் விட்டு ஊர் போயின. ரிடையர் ஆன பிறகும் பழக்கம் விடவில்லை. இந்தத் தொழிலைத் தொடங்கிவிட்டார்.

யம்னாவின் கணவன் ஹம்மு காணாமல் போயிருந்தான். மெக்னஸ் நகரத்துக்கு வேலை தேடி பஸ் ஏறிவிட்டான் என்று அவனுடைய அண்ணன் பஸ்ஸூ சொல்லியிருந்தான். அதை நம்பி நாங்கள் மெக்னஸில் பஸ் நிலையம், கட்டட வேலை நடக்கிற இடங்கள், டீக்கடைகள், ஆஸ்பத்திரி என்று அலைந்தோம். நிறைய ஹம்முக்களைச் சந்தித்தோம். ஒருவன் எனக்குக் கடன் கொடுக்கக்கூட முன்வந்தான். ஆனால் யம்னாவின் ஹம்மு அகப்படவில்லை.

"அவன் மெக்னஸ்ல இல்லம்மா," என்றார் லல்லா.

யம்னா அழவில்லை. காலால் கட்டையை ஒரு சாண் உள்ளே தள்ளினாள். பொறி பறந்தது.

"தேட வேண்டாம் லல்லா. விட்டுடுங்க. அவன் வரமாட்டான்."

"அன்னிக்கு என் வாசல்ல வந்து விடமாட்டேன்னு நின்னவ நீதானே?"

"அன்னிக்குக் கோடரி விஷயம் எனக்குத் தெரியாது."

"என்ன கோடரி?"

"கதவுக்குப் பின்னால வெச்சிருந்த கோடரியைக் காணோம்னு தேடிக்கிட்டே இருந்தேன். அவன் அதை வித்துட்டுத்தான் பஸ் ஏறினானாம். பஸ்ஸூ அண்ணன் சொல்லாம மறைச்சு மறைச்சு, நேத்துதான் வாயைத் திறந்தாரு." அவள் குரல் சமமாக இருந்தது. அதுதான் கேட்கப் பயமாக இருந்தது. "பனிக்காலம் வந்துடுச்சு. வீட்டுல பச்சைக் குழந்தை. கோடரியை வித்துட்டுப் போறவன் திரும்பி வர்றதுக்கா போவான்? வேற பொம்பளைன்னுகூட இருக்கட்டும், தாங்கிக்குவேன். ஆனா கோடரியை விக்கறதுன்னா, நீங்க ரெண்டு பேரும் செத்துப் போங்கன்னு அர்த்தம்."

எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாமா என்று பார்த்தேன். எனக்கே சிரிப்பு வரவில்லை.

"அதனாலதான் கட்டையை முழுசா வெச்சு எரிக்கறியா?" என்றார் லல்லா.

"பிளக்க என்ன இருக்கு? ரம்பமும் இல்ல. முழுக் கட்டையை வெச்சா கதவு எப்படிச் சாத்தும்? ராத்திரியில தூங்கறதே இல்ல லல்லா. எரிய எரிய பாரம் மாறிக் கட்டை வெளிய உருளும். ஒரு நாள் கண்ணசந்துட்டேன். உருண்டுடுச்சு."

குழந்தையின் கம்பளி ஓரத்தை இழுத்துக் காட்டினாள். கருகிச் சுருண்டிருந்தது. குழந்தையின் பாதத்துக்கும் அந்தக் கருகலுக்கும் நடுவே என் கை ஒன்றுதான் நுழையும்.

"பக்கத்து வீட்டுல கோடரி இரவல் வாங்கலாமே?" என்றேன்.

இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். மனைவி சொன்னது சரிதான், சில சமயம் நான் வாயைத் திறக்காமல் இருந்தால் நல்லது. எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் பெண்டாட்டியின் வெள்ளி நகையை இரவல் கேட்கலாம், மாப்பிள்ளையைக்கூட இரவல் கேட்கலாம், கோடரியைக் கேட்கக் கூடாது. கேட்டால் 'உங்க வீட்டுது எங்கே?' என்று மறு கேள்வி வரும். அதற்கு யம்னா என்ன பதில் சொல்வாள்? என் புருஷன் எங்களை விற்றுவிட்டுப் போய்விட்டான் என்றா?

லல்லா கேட்டார்: "இந்தக் கட்டை உனக்கு ஏது?"

"பஸ்ஸூ அண்ணன்தான் அவரு சேத்து வெச்சதுலேர்ந்து கொண்டாந்து வாசல்ல போடறாரு. பாவம், நிமிர்ந்து என் முகத்தைக்கூடப் பாக்கறதில்ல. தம்பி பண்ணின காரியத்துக்கு அவரு வெக்கப்படறாரு."

"பிளந்து போட்டா என்னவாம்?"

"கேட்டேன். முதுகு வலியாம். கோடரியை ஓங்க முடியலையாம்."

லல்லா எழுந்து, சுவரோரம் கிடந்த இன்னொரு கட்டையைக் காட்டினார். "மிமூன், அதைத் தூக்கு."

தூக்கினேன். தூக்க முயன்றேன் என்று சொல்வதுதான் நியாயம். கட்டை ஒரு பக்கம் எழுந்தது, நான் மறு பக்கம் விழுந்தேன்.

"முதுகு வலிக்குதா?"

"இப்ப வலிக்குது லல்லா."

"அதான்," என்றார் லல்லா. தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

*

பனி சாய்வாகக் கொட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸூவின் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். மதியம் இப்போதுதான் தாண்டியிருந்தும் வெளிச்சம் அதற்குள் சோர்ந்துபோயிருந்தது.

"உனக்கு முதுகு வலின்னு வெச்சுக்கோ," என்றார் லல்லா. "தம்பி பொண்டாட்டிக்கு விறகு குடுத்தாகணும். என்ன பண்ணுவே?"

"என் பொண்டாட்டியைக் கூப்பிட்டு எடுத்துட்டுப் போகச் சொல்வேன்."

"மிமூன்."

"பிளந்து, நாலு நாலு துண்டா எடுத்துட்டுப் போவேன்."

"ஆமா. அந்தப் பாரத்தை முதுகுல ஏத்தி ஓடை தாண்டி வர்றான் பஸ்ஸூ. தினமும். அந்த முதுகு கோடரியை ஓங்கறப்ப மட்டும் வலிக்குதாம். நல்ல காரியம் பண்றவன் எதுக்குப் பாதி நல்ல காரியம் பண்றான்?"

"சோம்பேறியா இருக்கலாம்."

"சோம்பேறி எவனும் முழுக் கட்டையைச் சுமக்கமாட்டான். அவன் கோடரியை வெளிய எடுக்கப் பயப்படறான். யாரும் அதைப் பாத்துடக் கூடாதுன்னு பயப்படறான்."

நான் நின்றுவிட்டேன். "லல்லா, நான் டிரைவர்."

"தெரியும். உள்ள போனதும் கதவுக்குப் பின்னால பாரு. கோடரி அங்கதான் இருக்கும். சுத்தமா இருந்தா ஒரு கொட்டாவி விடு."

"ரத்தமா இருந்தா?"

"ரெண்டு."

ரத்தத்தைப் பார்த்தால் எனக்குக் கொட்டாவி வராது, மயக்கம்தான் வரும் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் லல்லா கதவைத் தட்டிவிட்டார்.

"திறந்துதான் இருக்கு," என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

பஸ்ஸூ தனிக்கட்டை. மலைக்காரர்களில் பெரிய உருவம். ஆனால் அன்றைக்கு ஒரு பேசின் முன்னால் சுருங்கி உட்கார்ந்து, கால் இரண்டையும் வெந்நீரில் வைத்திருந்தான். எங்களைப் பார்த்ததும் ஒரு துணியை எடுத்துக் கால்மேல் போட்டான். நான் சலாம் சொல்லிக்கொண்டே கதவுக்குப் பின்னால் பார்த்தேன். சுவரில் கோடரி மாட்டுகிற இரண்டு இரும்பு முளைகள். அவ்வளவுதான். கோடரி இல்லை. இல்லாத கோடரிக்கு எத்தனை கொட்டாவி என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. தும்மி வைத்தேன்.

லல்லா என் தும்மலைக் கவனிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது பஸ்ஸூவின் கணப்பை.

அதுவும் வாயைத் திறந்துகொண்டு எரிந்தது. அதிலும் ஒரு முழுக் கட்டை. மறுமுனையை ஒரு கல்மேல் ஏற்றி வைத்திருந்தான். அதே புகை, அதே குளிர்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரத்தம் இல்லை, கோடரி இல்லை, கொலை இல்லை! தம்பி பெண்டாட்டிக்கு மட்டுமல்ல, தனக்கே விறகு பிளந்துகொள்ளாத மகா சோம்பேறி. லல்லாவின் கணக்கு அபூர்வமாகத் தப்பிவிட்டது. இதை வைத்து ஒரு மாதம் கிண்டல் பண்ணலாம் என்று திரும்பினேன். லல்லாவின் முகம் வெளுத்திருந்தது.

"பஸ்ஸூ," என்றார். "உன் கோடரி எங்கே?"

"முதுகு வலி, லல்லா. உள்ள வெச்சிருக்கேன்."

"இந்த வீட்டுக்கு உள்ளயே கிடையாது. ஒரே அறை. எங்கே?"

"இரவல் குடுத்திருக்கேன்."

இதைக் கேட்டு நானே தலையில் அடித்துக்கொண்டேன். இந்த மலையில் பிறந்து வளர்ந்தவன் சொல்லக்கூடிய பொய்யா அது!

"ஒரு வீட்டுல கணப்பு திறந்து கிடந்தா கஷ்டம்னு விட்டுடலாம்," என்றார் லல்லா. "அண்ணன் வீடு, தம்பி வீடு, ரெண்டுலயும் திறந்து கிடக்கு. தம்பி கோடரியை வித்துட்டான்னு சொன்னே. உன் கோடரியையும் அவனா வித்தான்? ரெண்டு பேரும் சேர்ந்து காட்டுக்குப் போனீங்க. ரெண்டு கோடரியும் அங்கயே இருக்கு. இரவல் கேட்டா உன்னுது எங்கேன்னு ஊர் கேக்கும். அதுக்குப் பயந்துக்கிட்டு நீயும் புகையைத் தின்னுட்டுக் கிடக்கறே. நான் வேற எதையும் கேக்கல பஸ்ஸூ. அவன் உயிரோட இருக்கானா?"

பஸ்ஸூ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேசினில் தண்ணீர் அசைந்தது.

"முந்தாநாள் இருந்தான்," என்றான்.

பிறகு எல்லாம் கொட்டியது. மேலே கரிமூட்டக்காரர்கள் கைவிட்ட கல் குடிசைக்கு அருகே அண்ணனும் தம்பியும் ஒரு தேவதாரு மரத்தைத் திருட்டுத்தனமாகச் சாய்த்திருக்கிறார்கள். மரம் நினைத்த பக்கம் விழவில்லை. ஹம்முவின் கால் அடியில் மாட்டிக்கொண்டது. அவனுடைய கோடரியும் ரம்பமும் மரத்தடியிலேயே நசுங்கின. பஸ்ஸூ தன் கோடரியால் கிளையை வெட்டி அவனை வெளியே இழுத்துக் குடிசையில் சேர்த்தான். கால் உடைந்து தொங்கியது.

"ஊருக்குத் தூக்கிட்டு வந்தா என்ன?" நான் கத்தினேன்.

"வேண்டான்னுட்டான். காட்டிலாகா கார்டு ஜிலாலிகிட்ட ஏற்கெனவே ரெண்டு தடவை மாட்டினவன். மூணாவது தடவை மாட்டினா ஜெயில்தான்னு ஜிலாலி சொல்லியிருக்கான். ஜெயிலுக்குப் போனா யம்னாவும் குழந்தையும் என்ன ஆவாங்கன்னு அழுதான். கால் தானா கூடிடும், நடந்து வந்துடறேன், யார்கிட்டயும் சொல்லாதேன்னு எங்கம்மா குடுத்த பால்மேல சத்தியம் வாங்கிட்டான். நெருப்புக்கு விறகு வெட்டிக்கோன்னு என் கோடரியை அவன்கிட்ட குடுத்துட்டு வந்தேன். தினம் ரொட்டி கொண்டு போனேன். நேத்துப் பனி ஏறிடுச்சு. நேத்துப் போனேன், குடிசையே கண்ணுக்குத் தெரியல. இன்னிக்கு விடியறதுக்குள்ள போனேன். எல்லாம் ஒரே வெள்ளை. கூப்பிட்டேன், கூப்பிட்டேன்..."

கால்மேல் போட்டிருந்த துணி நழுவியது. விரல்கள் சாம்பல் நிறத்தில் இருந்தன.

"அப்ப கோடரியை அவன் விக்கல."

நாங்கள் மூன்று பேரும் திரும்பினோம். வாசலில் யம்னா. முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறாள். தலையெல்லாம் பனி. அவள் முகத்தில் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, புதுப்பெண்ணின் சந்தோஷம் தெரிந்தது. அப்புறம்தான் மற்றது உறைத்தது. நேராக வந்து பஸ்ஸூவின் முகத்தில் அறைந்தாள். ஆறடி மனிதன் கன்னத்தைப் பிடித்துக்கொள்ளக்கூட இல்லை.

"எந்திரிங்க," என்றாள். "வழி காட்டுங்க."

"நம்ம நாலு பேரால முடியாதும்மா," என்றார் லல்லா. "ஆளைக் கீழ கொண்டுவரக் கட்டில் வேணும். பனிலாடம் அடிச்ச கோவேறு கழுதை வேணும். ஆம்புலன்ஸைக் கூப்பிட வயர்லெஸ் வேணும். டெலிபோன் கம்பி காலையில இருந்து அறுந்து கிடக்கு. இது மூணும் இந்த ஊர்ல ஒரே ஆள்கிட்டதான் இருக்கு."

அது யார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

"ஜிலாலி வந்தா மரத்தைப் பாத்துடுவான்," பஸ்ஸூ முனகினான். "ஹம்மு சத்தியம் வாங்கினானே யம்னா. ஜெயில்னா வருஷக்கணக்கு."

"ஜெயில்ல இருந்தா ரொட்டி சுட்டு எடுத்துட்டுப் போய்க் குடுப்பேன். உப்பு கம்மின்னு அங்க உக்காந்துக்கிட்டு என்னைத் திட்டுவான்," என்றாள் யம்னா. "திட்டறதுக்கு ஆள் வேணும் அண்ணே."

*

காட்டிலாகா கார்டு ஜிலாலி சமவெளிக்காரன். எங்கள் மலைக்கு வந்து பல வருஷமாகியும் எங்கள் மலையோடு அவனுக்கு ஒட்டவில்லை. எங்களுக்கும் அவனோடு அப்படித்தான். லஞ்சம் வாங்காதவனை எப்படிப் பிடிக்கும்? அவன் வீட்டில் கணப்பு ஒழுங்காகக் கதவைச் சாத்திக்கொண்டு பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. மேலே ஒரு சட்டியில் அவரைப் பருப்பு சூப் கொதித்தது. நான் அதைப் பார்த்ததை அவன் மனைவி பார்த்துவிட்டாள்.

யம்னா சுற்றிவளைக்கவில்லை. "ஐயா, எம் புருஷன் தேவதாரு வெட்டினான். மரம் கால்ல விழுந்து மேல கரிக்குடிசையில கிடக்கான். வந்து பிடிச்சுக்கிட்டுப் போங்க."

ஜிலாலி அவளையும், பின்னால் குனிந்து நின்ற பஸ்ஸூவையும், ஜன்னலையும் பார்த்தான்.

"வெளிச்சம் போகப் போவுது. இப்ப ஏறினா நாமளும் அங்கயே கிடக்க வேண்டியதுதான். விடியட்டும்."

"விடிஞ்சப்புறம் போனா நீங்க ஆளைப் பிடிக்கமாட்டீங்க ஐயா," என்றார் லல்லா. "வெறும் உடம்பைத்தான் பிடிப்பீங்க. அதை எந்த ஜெயில்ல போடறது?"

ஜிலாலி பூட்ஸைத் தேடினான். வயர்லெஸ்ஸில் பேசி, ஆம்புலன்ஸைத் தார் ரோட்டு முனைக்கு வரச் சொன்னான். அவன் மனைவி குழந்தையை யம்னாவின் முதுகிலிருந்து அவிழ்த்துக்கொண்டு, கணப்பருகே போய் உட்கார்ந்தாள். கதகதப்பு பட்டதும் குழந்தை இருமுவதை நிறுத்தியது. யம்னா அதை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

லல்லா கழுதைமேல். "என் மூளை ஏறும், முழங்கால் ஏறாது," என்றார். மற்றவர்கள் நடை. பஸ்ஸூ நாங்கள் தடுத்தும் கேட்கவில்லை. துணி சுற்றிய காலோடு கழுதையின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தான். கட்டிலைச் சுமந்தவன் நான். விழுந்தவனும் நான். எத்தனை தடவை என்று எண்ணுகிற நிலையில் யாரும் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

மேலே போய்ச் சேர்ந்ததும் பஸ்ஸூ சொன்னது எவ்வளவு உண்மை என்று புரிந்தது. சரிவு முழுக்க வெள்ளை மேடுகள். பாறையா, புதரா, குடிசையா, எதுவும் தெரியவில்லை. புகை எங்குமே இல்லை. சாய்த்த மரம்கூடப் புதைந்துபோயிருந்தது.

"ஹம்மூ!" என்று யம்னா கூப்பிட்டாள். பனி அந்தக் குரலை விழுங்கியது. ஒரு மேட்டுக்கு ஓடிக் கையால் தோண்டினாள். பாறை. அடுத்த மேடு. புதர். பஸ்ஸூ எதிர்ப்பக்கம் தோண்டினான். ஜிலாலி வானத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் போனால் அவன் 'இறங்கலாம்' என்று சொல்லிவிடுவான். சொன்னால் அது நியாயமாகவும் இருக்கும். அதுதான் என்னைக் கொன்றது.

"மிமூன்," என்றார் கழுதைமேலிருந்து லல்லா. "அந்தக் குரங்குங்களுக்கு அங்க என்ன வேலை?"

தேவதாருக் காட்டில் குரங்கு இருப்பது புதிதா? எங்கள் ஊர் ஆட்களைவிட அதிகம். சரிவின் ஓரத்தில் ஒரு மேட்டின்மேல் ஏழெட்டுக் குரங்குகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு, டாக்ஸிக்குக் காத்திருக்கும் குடும்பம் மாதிரி உட்கார்ந்திருந்தன.

"குளிருது, உக்காந்திருக்கு," என்றேன்.

"இந்தக் குளிர்ல குரங்கு மரத்துல ஒண்டும். வெட்டவெளியில, பனிமேல, எதுக்கு உக்காரும்? கீழ சூடா இருந்தாத்தான் உக்காரும்!"

ஜிலாலிதான் முதலில் ஓடினான். குரங்குகள் திட்டிக்கொண்டே சிதறின. அவை உட்கார்ந்திருந்த இடத்தில் பனி இளகி ஈரமாகியிருந்தது. கையால் வாரினோம். கட்டில் காலால் குத்தினோம். கல் கூரை தெரிந்தது. கூரையில் புகைத்துவாரம் பனியால் அடைத்துக் கிடந்தது. யம்னா அதில் கையை முழங்கை வரை விட்டு வழித்தாள். உள்ளே அடைபட்டிருந்த புகை குபுகுபுவென்று அவள் முகத்தில் அடித்தது. அவ்வளவு நேரமும் அவன் அந்தப் புகைக்குள்தான் கிடந்திருக்கிறான்.

வாசல் பக்கம் பஸ்ஸூவும் ஜிலாலியும் சேர்ந்து தோள் கொடுத்தார்கள். அந்த இரண்டு தோள்களும் ஒரே காரியத்தில் சேர்ந்தது அதுவே முதல் தடவையாக இருக்கும். படல் உடைந்து விழுந்தது.

ஹம்மு மூலையில் கிடந்தான். முகம் கரி. மடியில் அண்ணனின் கோடரி. நெருப்பு என்று சொல்ல ஒரு கைப்பிடிக் கங்கு. யம்னா அவன்மேல் விழுந்து மார்பில் காதை வைத்தாள். நாங்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தோம்.

"இருக்கு," என்றாள்.

அதோடு வேலை முடிந்துவிடவில்லை என்று ஜிலாலிக்குத் தெரிந்திருந்தது. ஹம்முவின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தான், நாடியைப் பிடித்தான். "புகை, குளிர், ரெண்டும் சேர்ந்திருக்கு. ரோடு வரைக்கும் தூங்கவிடக் கூடாது. தூங்கினா எழுந்திரிக்கமாட்டான். பேச வைங்க."

கட்டிலில் கிடத்தி, கம்பளியைச் சுற்றிக் கட்டினோம். முன்பக்கம் ஜிலாலி, பின்பக்கம் நான். இனிக் கால் ஊன்ற முடியாத பஸ்ஸூவைக் கழுதைமேல் ஏற்றிவிட்டு லல்லா இறங்கி நடந்தார். யம்னா கட்டிலோடு ஒட்டி நடந்துகொண்டே அவனை உலுக்கினாள். "ஹம்மு. பேசு. இங்க பாரு. பேசுடா."

ஹம்முவின் உதடு அசைந்தது. கண் திறக்கவில்லை. முன்னால் போகிற அகலமான முதுகை அண்ணன் என்று நினைத்துவிட்டான்.

"அண்ணே."

"சொல்லு," என்றான் ஜிலாலி, திரும்பாமல்.

"ஜிலாலிக்குத் தெரிய வேண்டாம் அண்ணே... சுனைக்குப் பக்கத்துல இன்னொண்ணு சாச்சு வெச்சிருக்கேன். இலை போட்டு மூடியிருக்கு. உன்கிட்டகூடச் சொல்லல..."

யம்னாவின் கை பாய்ந்து அவன் வாயைப் பொத்தியது. கட்டில் நின்றது. நானும் நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஜோக் வேண்டும் என்று எல்லோரும் தவித்த நேரத்தில் என்னிடம் ஒன்றுகூட இல்லை.

"கையை எடும்மா," என்றான் ஜிலாலி.

"பேசினா ஜெயில்தானே?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். காது கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"ஆமா," என்றான் ஜிலாலி. "கேட்டதைக் கேக்கலைன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா பேசறவரைக்கும் அவன் சாகமாட்டான்."

பனி எங்கள் எல்லோர்மேலும் கொட்டிக்கொண்டிருந்தது. யம்னா லல்லாவைப் பார்த்தாள். எந்தக் கேள்விக்கும் விடை வைத்திருக்கிற லல்லா இத்தோ தலையைக் குனிந்துகொண்டார். கம்பளிக்குள் ஹம்முவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூச்சு நீண்டு நீண்டு வந்தது.

யம்னா கையை எடுத்தாள். குனிந்து, அவன் காதில் வாயை வைத்தாள். மலை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"சுனைக்கிட்ட ஒண்ணு. அப்புறம்? வேற எந்த மரம்டா வெட்டினே? சொல்லு! எங்கெங்க ஒளிச்சு வெச்சிருக்கே? எல்லாத்தையும் சொல்லு!"

ஹம்முவின் நெற்றி சுருங்கியது. யோசிக்கிறான்.

"மேற்குச் சரிவுல..." என்று ஆரம்பித்தான்.

"சத்தமா," என்றாள் யம்னா. ஜிலாலி நடக்கத் தொடங்கினான்.